நெய்யாற்றுத் தீவில் இரண்டு நாள்

சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, ஆண்டுதோறும் செய்வதுபோல் பழந்தமிழ் இலக்கியத்தில் ஏதேனும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். எழுதுகோலை எடுத்ததும் மனம் அங்கே நிற்கவில்லை. கடந்த தை மாதத்தில் என் மகளுடன் பூவாற்றில் கழித்த இரண்டு நாட்களே முன்வந்து நின்றன. இளைப்பாறுவதற்கென்று போன பயணம் அது. இளைப்பாறவும் செய்தேன், ஆயினும், அத்தோடு என்னுடைய பிழை ஒன்றையும் அங்கே கண்டுகொண்டு திரும்பினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் வேறு சிலரிடமும் அந்தப் பிழை இருக்கக்கூடும்.

உங்களில் பலர் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து, வந்த இடத்தில் வேர் பிடித்தவர்கள். பாறசாலைக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரின் கதை வேறு. நாங்கள் எங்கும் போகவில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லைதான் எங்களைத் தேடி வந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதையும் தமிழ்ப் பகுதியோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்டிருந்தது, கேட்டது கிடைக்கவில்லை. அந்த இயக்கத்தின்போது 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி என் பாட்டனார் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை, அதாவது என் அத்தைப்பாட்டி, வாழ்க்கைப்பட்டது விளவங்கோடு வட்டத்தில். காலையில் நடந்து போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரந்தான். ஒரே இரவில் அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம் ஆகிவிட்டார்கள்.

அந்தப் பாட்டனாரின் பேரனாகிய நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். வயது நாற்பத்தைந்து. கல்லூரியில் பி.ஏ. படித்த நாளிலிருந்து தமிழ்ப் பற்று உண்டு. சங்கக் கூட்டங்களில் பேசுவேன். பட்டிமன்றங்களில் அணி பிரித்து வாதாடுவேன். என் ஒரே மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும் எழுதுவாள், படிப்பாள். தமிழ் மட்டும் படிக்கத் தெரியாது. பாட்டனாருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற எண்ணம் சில இரவுகளில் என்னை உறங்கவிடுவதில்லை.

அந்த எண்ணத்தின் பயனாகவே ஓர் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தேன். எல்லைக்கு அப்பால் நாகர்கோவிலுக்கு மாறிப் போய்விட்டால், அங்குள்ள பள்ளியில் சேர்த்து மகளைத் தமிழ் படிக்க வைத்துவிடலாம் என்பது கணக்கு. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை. என் தாயார் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்றார்கள். மனைவியோ, "நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா, அம்மையைத் தனியா விட்டுட்டு எனக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்தில் பிறருடைய கோப்புகளில் ஒரு நொடியில் குறிப்பெழுதும் எனக்கு, என் சொந்தக் கோப்பில் ஒரு வரி எழுத மூன்று வாரமாகக் கை வரவில்லை.

இந்த நிலையில்தான் மகள் ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய தோழியின் அண்ணன் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறானாம். முன்கூட்டிய ஏற்பாடு ஏதும் இல்லாமல், குறைந்த செலவில், கிடைத்ததைத் தின்று, அமைதியான இடத்தில் தங்கி வருவானாம். "நாமளும் போகலாம் அப்பா. தூரமா வேண்டாம். பூவாற்றுத் தீவுக்குப் போகலாம்" என்றாள். பாறசாலையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம்! வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் நாட்கணக்கில் தங்கிப் போகும் அந்த இடத்தில், பக்கத்தில் பிறந்த நான் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு போர்வை ஆகியவற்றுக்கு நடுவே அந்த விண்ணப்பத்தையும் மடித்து வைத்திருந்தேன்.

ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நெய்யாறு அகத்தியர் மலையில் பிறந்து, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலைச் சேர்கிறது. நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தால், தமிழன் எவனும் அகராதியைத் தேட வேண்டியதில்லை. அந்த ஊர்க் கண்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரத்தின் அடிப்பாகத்தை இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். பகைவர்களுக்குத் தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மா அந்த மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது கதை. ஊருக்கு மேலே, ஆற்றங்கரையிலே அருவிப்புறம் இருக்கிறது. 1888ஆம் ஆண்டு நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவியது அங்கேதான். கோயிலுக்குள் நுழையவே உரிமையில்லாத மக்களுக்கு அவரே ஒரு கோயிலைக் கொடுத்தார். மலையாளத்திலும் வடமொழியிலும் எழுதிய அவர், தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். மூன்று மொழியும் ஒரே நாவில் சண்டையின்றி இருந்திருக்கின்றன. இதையெல்லாம் பேருந்தில் மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் சன்னல் வழியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவாறு அழகிய இடம். ஆறு கடலுக்கு அருகே வந்ததும் ஓட்டத்தை மறந்து அகன்று நிற்கிறது. ஒருபுறம் தென்னையும் தாழையும் அடர்ந்த கரை. நடுவே சிறு சிறு திட்டுகள். அப்பால் ஒரு நீண்ட மணல்மேடு. அதற்கும் அப்பால் கடல். தண்ணீரின்மேல் மிதக்கும் குடில்களைக் கொண்ட பெரிய விடுதிகள் இருக்கின்றன. அவை என் போன்ற எழுத்தனின் மாதச் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடியவை. நாங்கள் விசாரித்துத் தேடிச் சென்றது, வள்ளத்தில் ஏறினால் மட்டுமே அடையக்கூடிய ஒரு திட்டில் இருந்த ஓட்டு வீடு. அந்த வீட்டார் திண்ணையை ஒட்டிய ஓர் அறையை வழிப்போக்கர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

எங்களை ஏற்றிச் சென்ற வள்ளக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் அவரிடம் மலையாளத்தில் கூலி பேசினேன். மலையாளத்தில் வழி கேட்டேன். மலையாளத்திலேயே காற்று மழை பற்றி உரையாடினேன். அவரும் "சாரே, சாரே" என்று மறுமொழி சொல்லிக்கொண்டு வந்தார். கண்டல் மரங்களுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் வள்ளம் நுழைந்தது. இருபுறமும் வேர்கள் நீருக்குள் விரல் ஊன்றி நின்றன. ஒரு மீன்கொத்தி எங்கள் தலைக்குமேல் நீலக் கோடு கிழித்ததுபோல் பறந்தது. மகள் தன்னை மறந்து, "அப்பா, அங்க பாருங்க! எவ்வளவு பைய போகுது அந்த நீர்க்காகம்" என்று கூவினாள்.

வள்ளக்காரர் துடுப்பை நிறுத்தினார். "நிங்க தமிழா? மலையாளமின்னுல்லா நெனச்சேன். எனக்க அம்மை நீரோடிக்காரியாக்கும்" என்றார். நீரோடி எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டைச் சேர்ந்த முதல் கடற்கரை ஊர். பிறகு என் மகளைப் பார்த்து, "மக்களே, தாகிச்சா அந்தக் குப்பியில வெள்ளம் இருக்கு, எடுத்துக் குடி" என்றார்.

அந்தக் கணம் முதல் அவர்கள் இருவருடைய பேச்சும் தடையில்லாமல் ஓடத் தொடங்கிவிட்டது. மதுரையிலோ சென்னையிலோ வெள்ளம் என்றால் பெருக்கெடுத்து ஊரை அழிப்பது. எங்கள் பக்கத்தில் அது குடிக்கும் தண்ணீர். எல்லைக்கு இப்பாலும் அதுதான், அப்பாலும் அதுதான். ஒற்றைப் பிள்ளையை அழைத்தாலும் "மக்களே" என்று பன்மையில் அழைக்கும் பாசமும் இருபுறத்துக்கும் பொது. மகள் என்னைப் பார்த்து, "இவர் 'விளிச்சா வருவேன்'னு சொல்றாரே, அது மலையாளந்தானே அப்பா?" என்று கேட்டாள். தமிழ் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமைக்கு விளிவேற்றுமை என்றே பெயர் என்று அவளுக்குச் சொன்னேன். அழைப்பதற்கு விளித்தல் என்பது நம் பழஞ்சொல்; நாம் பேச்சில் கைவிட்டதை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அப்போ எனக்குக் கொஞ்சம் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே தெரியும்" என்று அவள் சிரித்தாள்.

அன்று மாலை வரையில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. வேலையில்லாமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும் போலும். முதல் ஒரு மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வள்ளங்கள் எத்தனை போயின என்று எண்ணினேன். எண்ணியதை எழுதி வைக்கக் காகிதம் தேடினேன். இருபது ஆண்டு உத்தியோகம் ஒரு மனிதனை எப்படி ஆக்கிவைத்திருக்கிறது! வீட்டுக்கார அம்மையார் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் கட்டஞ்சாயாவும் கொண்டுவந்து வைத்தார்கள். வயிறு நிறைந்தபின் திண்ணையிலேயே துண்டை விரித்துப் படுத்தேன். தென்னங்கீற்றின் சலசலப்பு, தொலைவில் இடைவிடாத கடல் முழக்கம், வீட்டடியில் நீர் வந்து மோதும் ஒலி. எப்போது உறங்கினேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். பகலில் அப்படி உறங்கி எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன!

மறுநாள் விடியலில் வள்ளக்காரர் எங்களை மணல்மேட்டுக்கு அழைத்துப்போனார். அதற்குப் பொழி என்று பெயர். எல்லைக்கு இப்பால் உள்ள கடைசி ஊராகிய பொழியூரும் அந்தப் பெயரைத் தாங்கியதே. ஆற்றில் நீர் குறையும் காலத்தில் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஆறு பெருகி உடைத்துக்கொண்டு போகும். உடையாவிட்டால், கரையோர வீடுகளில் நீர் ஏறாதிருக்க ஆட்களே பொழியை வெட்டிவிடுவார்கள். நாங்கள் போன அன்று பொழி அடைந்திருந்தது. மேட்டின் உச்சியில் நின்றால், வலக்கைப் பக்கம் கடல் ஆர்ப்பரிக்கிறது. இடக்கைப் பக்கம் ஆறு கண்ணாடிபோல் கிடக்கிறது. மகள் இரண்டு பக்கத்து நீரையும் நாவில் வைத்துப் பார்த்தாள். ஆற்றுப் பக்கத்து நீரும் சிறிது கரித்தது.

"எந்த எடத்துல ஆறு தீருது, எந்த எடத்துல கடல் தொடங்குது?" என்று அவள் வள்ளக்காரரைக் கேட்டாள். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு எடத்துல மக்களே" என்றார்.

மணலில் அமர்ந்து அவர் ஒக்கிப் புயலைப் பற்றிச் சொன்னார். 2017 நவம்பர் 30. முன்னெச்சரிக்கை வருவதற்குள் பலர் கடலுக்குள் போய்விட்டிருந்தார்கள். பூவாறு, பொழியூர், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை என்று வரிசையாக எல்லா ஊர்களிலும் ஆட்கள் திரும்பி வரவில்லை. இரண்டு அரசுகள் தனித்தனியே பட்டியல் எடுத்தன. வள்ளக்காரருடைய தாய்வழி உறவினர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தார். இங்கிருந்து அங்கே போய் அழுதுவிட்டு வந்தாராம். அங்கிருந்தும் இங்கே வந்து அழுதார்களாம். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தக் காலை வேளையில் அதைப் பற்றி எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், பூவாற்றிலிருந்து தெற்கே போகும் பழைய கால்வாயைக் காட்டினார். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கும் நோக்கத்தோடு 1860இல் தொடங்கியது. பத்மநாபசுவாமியின் பெயரையும் இங்கிலாந்து அரசியின் பெயரையும் மன்னரின் பெயரையும் சேர்த்து வைத்தும், அந்த நோக்கம் முற்றுப்பெறவில்லை. இன்று பல இடங்களில் அது தூர்ந்தும் பாசி படர்ந்தும் கிடக்கிறது.

கால்வாய் என்றதும் எனக்கு வேறொரு கால்வாய் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும், விளவங்கோட்டு வட்டத்தில் இருக்கும் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அத்தைப்பாட்டியின் மகன் அவர். எண்பதை நெருங்கும் வயது. நாங்கள் நெய்யாற்றில் இருக்கிறோம் என்று சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியா? நல்லது. எனக்க பங்குக்கும் சேத்து ஒரு முங்கு முங்கிட்டு வா மக்களே" என்றார்.

இதன் பொருள் வெளியூர் அன்பர்களுக்கு விளங்காது. நெய்யாற்று அணையின் வேலை எல்லை பிறப்பதற்கு முன்பே, திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் தொடங்கியது. அணை 1958இல் முடிந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்துக்குள் சென்று 9,200 ஏக்கர் நிலத்துக்கு நீர் கொடுக்கும்படி அமைந்தது. மாமாவின் வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்தது அந்த நீரால்தான். 2004ஆம் ஆண்டு முதல் அந்தக் கால்வாயில் தமிழ்நாட்டுக்கு நீர் வருவதில்லை. நெய்யாறு முழுவதும் தன் எல்லைக்குள் ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம். அதன் வடிநிலத்தில் தனக்கும் பங்குண்டு என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வழக்கின் நியாயத்தை எடுத்துரைக்க நான் வழக்கறிஞன் அல்லன். கேரளத்தின் உழவனுக்கும் வேனிலில் நீர்ப் பற்றாக்குறை உண்டு என்பதையும் அறிவேன். ஆயினும், மாமா நெல்லை விட்டு வாழைக்கு மாறினார் என்பதும், அவர் வயலோரத்துக் கால்வாயில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள் என்பதும் நான் கண்ணால் கண்டவை.

அதன்பின் தண்ணீரில் இறங்கினேன். மார்பளவு ஆழம். மாமா சொன்னபடி ஒரு முங்கு முங்கினேன். குளிர்ந்த நீர் தலைக்குமேல் மூடியபோது, நேற்று முழுவதும் கிடைத்த ஓய்வுக்கு இன்னொருவர் விலை கொடுத்திருக்கிறார் என்ற எண்ணம் வந்தது. எழுந்து கரையேறித் தலை துவட்டிக்கொண்டேன். மகள் கேட்டாள்: "மாமா தாத்தா என்ன சொன்னாங்க?" சொன்னேன். கால்வாயின் கதையையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டாள். பேருந்தில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டு முடித்ததும் அவள் சொன்ன வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. "இப்படி நீங்க வீட்டுல பேசினதே இல்லையே அப்பா. சங்கத்துல மைக் பிடிச்சு நீங்க பேசுற தமிழ் எனக்குப் பாதிகூடப் புரியாது. வீட்டுக்கு வந்தா, பேப்பர் எடு, டிவியை நிறுத்துன்னு மலையாளத்துல சொல்வீங்க. இந்த வள்ளக்கார மாமா பேசுறது எனக்கு முழுசாப் புரியுது. நீங்க அவர்கிட்டயும் மலையாளத்துலதான் பேசினீங்க."

குற்றஞ்சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள், அவ்வளவே. என்னால் மறுத்துரைக்க முடியவில்லை. அலுவலகத்தில் மலையாளம், பேருந்தில் மலையாளம், கடையில் மலையாளம். அந்தப் பழக்கம் செருப்போடு வாசலில் நிற்காமல் என்னோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருக்கிறது. தமிழையோ நான் பட்டுவேட்டியைப்போல் மடித்துப் பெட்டியில் வைத்து, சங்கத்து ஆண்டு விழாவுக்கு மட்டும் எடுத்து உடுத்தியிருக்கிறேன். மலையாளத்தின்மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. அது எனக்குச் சோறு போடும் மொழி. என் அண்டை வீட்டாரின் அன்பு மொழி. என் மகளுக்குத் தமிழ் வராமல் போனதற்குப் பள்ளிக்கூடத்தையும் 1956ஆம் ஆண்டையும் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன். முதற் காரணம் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில், நாளிதழ் விரித்து உட்கார்ந்திருந்தது.

மாலையில் கரைக்குத் திரும்புமுன், திண்ணையில் அமர்ந்து விண்ணப்பத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். 'மகளின் தாய்மொழிக் கல்வியை முன்னிட்டு' என்று எழுதியிருந்தேன். வாசகத்தில் பிழை இல்லை. எழுதியவனிடத்தில்தான் பிழை இருந்தது. எல்லையைத் தாண்டிப் போய்க் குடியிருந்தாலும், இதே நாளிதழும் இதே நாற்காலியும் என்னோடு வரும் அல்லவா? விண்ணப்பத்தைக் கிழித்து எறியவில்லை. நாடகத்தில் செய்வதுபோல் ஆற்றில் மிதக்கவிடவும் இல்லை. பைக்குள்ளேயே மடித்து வைத்தேன். திங்கட்கிழமை அதைக் கொடுக்கவில்லை. தாயாருக்கும் மனைவிக்கும் அதனால் மகிழ்ச்சி. எனக்கு முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. நாகர்கோவிலுக்குப் போயிருந்தால் அவள் இன்னும் நன்றாகத் தமிழ் கற்றிருப்பாளோ என்ற ஐயம் இன்றும் உண்டு.

விடைபெறும்போது வள்ளக்காரரிடம் கூலியைத் தமிழில் எண்ணிக் கொடுத்தேன். "இனி வரும்போ விளிச்சிட்டு வாங்க" என்றார். மகள், "விளிக்கேன்" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

நேரே வீட்டுக்குப் போகாமல் நெய்யாற்றின்கரைக்குச் சென்று பேருந்து மாறினோம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த தமிழ்நாட்டு அரசுப் பேருந்து ஒன்று நிலையத்தில் வந்து நின்றது. அதன் நெற்றியில் இருந்த பலகையைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு அப்பா?" என்று கேட்டாள். நான் படித்துச் சொல்லவில்லை. "முதல் எழுத்து நா" என்று மட்டும் சொன்னேன். மலையாள எழுத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, நின்று நின்று, "நா... க... ர்..." என்று வந்தாள். பேருந்து புறப்பட்டுவிட்டது. மீதியை எழுதிக் காட்டும்படி கேட்டாள். பையில் வேறு காகிதம் இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்து வெள்ளைப் பரப்பில் 'நாகர்கோவில்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் எங்கள் வீட்டில் நாளிதழும் தொலைக்காட்சியும் ஓய்வு எடுத்துக்கொள்கின்றன. என் தாயார் சொலவடை சொல்கிறார்கள், மகள் எழுதுகிறாள். ழகரத்தை இன்னும் தலைகீழாகப் போடுகிறாள். சில நாட்கள் களைப்பினால் விட்டும் போகிறது. மறுநாள் மறுபடியும் உட்காருகிறோம். சென்ற மாதம் அவள் மாமா தாத்தாவுக்குத் தன் கைப்பட நான்கு வரிக் கடிதம் எழுதினாள். அதில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அப்படியே அஞ்சலில் சேர்த்தேன்.

மாமாவின் பதில் வந்தது. அக்கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். கால்வாயில் இன்னும் வெள்ளம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். இரண்டையும் மகள்தான் எழுத்துக் கூட்டி எனக்குப் படித்துக் காட்டினாள்.